தம்பிக்குக் காய்ச்சிய குடிநீர்

மார்கழி பிறந்துவிட்டால் ஊர் திருவெம்பாவைக்கு எழும்பும். பராசக்தி ஊருக்கும் முதலே எழும்பிவிடுவாள். சங்கும் சேமக்கலமுமாக ஆட்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கையால் நடந்து வரும்போது அவள் குசினிக்குள் குந்தியிருந்து ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். எழும்பினதற்கு ஊருக்குப் புண்ணியம் கிடைக்கும். அவளுக்குக் கண்ணெரிவு கிடைக்கும்.

குடிநீர் என்று அவள் சொல்வது கசாயத்தை. ஆடாதோடை இலை, தூதுவளை, கண்டங்கத்தரி, வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி எல்லாவற்றையும் இடித்து மண்சட்டியில் போட்டு, எட்டுப் பங்கு தண்ணீர் விட்டு, ஒரு பங்காக வற்றும்மட்டும் சிறு நெருப்பில் காய்ச்ச வேண்டும். நெருப்புக் கூடினால் அடிப்பிடிக்கும், குறைந்தால் சாறு இறங்காது. ஆனபடியால் ஊதுகுழலும் கையுமாக அடுப்பை விட்டு அசைய முடியாது. மூக்கு ஒழுகும், இடுப்பு விட்டுப்போகும். ஐம்பத்தைந்து வயதில் இந்த வில்லங்கமெல்லாம் ஒரு மனுசிக்குத் தேவையா என்று கேட்டால், தேவைதான். தம்பி குகதாசனுக்கு முட்டு.

முட்டு என்றால் மூச்சு முட்டுவது. பனி விழத் தொடங்கினால் முதலில் இருமுவான். பிறகு நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு படுக்க முடியாது. கட்டிலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தோளை உயர்த்தி உயர்த்தி, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து அள்ளுவதுபோல இழுத்தெடுப்பான். தபாற்கந்தோரில் முத்திரை விற்கிற நாற்பத்துமூன்று வயது மனிதன் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளையாக மாறிவிடுவான். பராசக்திக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது.

சின்ன வயதிலும் அவனுக்கு முட்டு இருந்தது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அம்மா போய்ச் சேர, அவனைப் பராசக்திதான் தூக்கி வளர்த்தாள். மருதனார்மடத்தில் வாடகை வீட்டில் இருந்த நீண்ட காலத்தில் அது தானாகவே விட்டுப்போயிருந்தது. பிறகு இராணுவம் காங்கேசன்துறைப் பக்கத்துச் சொந்தக் காணியைத் திருப்பிக் கொடுத்தது. வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடும் கிடைத்தது. வந்து குடியிருந்த முதல் மார்கழியிலேயே, பழைய பயத்தில் அவள் முன்காவலாகக் குடிநீர் காய்ச்சத் தொடங்கினாள்; இருந்தும் முட்டு பின்னால் வந்து சேர்ந்தது.

ஏன் வந்தது என்பதற்கு ஊரில் விளக்கம் சொல்லாத ஆள் இல்லை. வாடைக்காற்று என்றார்கள். கடலுப்பு என்றார்கள். மூடி முப்பது வருசத்துக்கு மேலாகிப்போன சீமெந்துத் தொழிற்சாலையின் தூசி என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அந்தத் தூசி இவ்வளவு காலமும் குகதாசனுக்காகவே காத்துக்கொண்டிருந்ததாக்கும்.

சித்த வைத்தியர் வாகீசனிடம் கூட்டிக்கொண்டு போனாள். அரசாங்க மருத்துவமனையில் இருக்கிற, நிதானமாகக் கதைக்கிற மனிதர். நாடி பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், மருந்து எழுதினார். இங்கிலிஸ் டொக்ரர் தந்த, வாயில் வைத்து மருந்து உறிஞ்சுகிற பம்பையும் விடவேண்டாம் என்றார். கடைசியாக, "பனி, புகை, தூசி, மூண்டும் படக்கூடாது அக்கா" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து பராசக்தி காவற்காரியாகிவிட்டாள். பனிக்குத் தலைக்குச் சால்வை. பொழுதுபட்டால் முழுக்கு இல்லை, தயிர் இல்லை, வாழைப்பழம் இல்லை. காலையில் குடிநீரும் மொசுமொசுக்கை இலை போட்ட ரொட்டியும். பின்னேரம் நொச்சியிலை அவித்து ஆவி. படுக்கும்போது நெஞ்சுக்குச் சூடாக்கின நல்லெண்ணெய். தூசி என்று அவன் படுக்கையைத் தினமும் உதறினாள். புகைக்கு எதிராக அவள் நடத்தின சண்டையோ தனிக்கதை. அடுத்த காணித் தம்பிராசா வேலியோரம் நின்று சுருட்டுப் பற்றினால், "அண்ணை, உந்தச் சுருட்டை உங்கடை வீட்டுக்காரிக்கு முன்னாலை நிண்டு பத்துங்கோ" என்று இங்கிருந்தே குரல் கொடுப்பாள். குப்பை கொளுத்துகிறவர்களோடு கதைபேச்சே இல்லை. சாமியறையில் சாம்பிராணியைக்கூட நிறுத்திவிட்டாள். கடவுளுக்கு விளங்கும் என்று நினைத்தாள்.

ஆனால் அடுப்புப் புகையை அவள் புகைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது மருந்துப் புகை அல்லவா? சோறு கறி சமைக்கக் காஸ் அடுப்பு இருந்தது. மருந்தை மட்டும் அதில் ஏற்றமாட்டாள். காஸ் நெருப்பு மருந்தின் குணத்தைத் தின்றுவிடும், விறகும் மண்சட்டியும்தான் மருந்துக்கு என்று அம்மா காலத்திலிருந்தே அவளுக்கு ஒரு பிடி. இதை வைத்தியரிடம் கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. விடியும் என்பதை யாராவது கேட்டுத் தெரிந்துகொள்வார்களா?

மாரிக்கு விறகு காயாது. வாடை அடித்தால் நெருப்பு நூர்ந்துபோகும் என்று குசினி யன்னலையும் சாத்திவிடுவாள். அந்த வீட்டில் குசினிக்கும் குகதாசனின் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரைமட்டும் போகாமல் ஓட்டுக்குக் கீழே கையகலம் விட்டு நின்றது. வீடு கட்டினவர்கள் காற்றோட்டத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

இந்த முறை கார்த்திகையில், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து குகதாசன் ஒரு குண்டைப் போட்டான்.

"அக்கா, வவுனியாவுக்கு மாத்தம் கேக்கலாமெண்டு யோசிக்கிறன். ஜெயசுதன் எண்டு ஒரு ஆள் அங்கையிருந்து இஞ்சை வரக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ரெண்டுபேரும் கையெழுத்து வைச்சா மாறலாம்."

"உனக்கென்ன இஞ்சை குறை?"

"குறையில்லை. மூண்டு வருசத்துக்கு முந்தி ரெயினிங்குக்குப் போய் ஒரு மார்கழி முழுக்க அங்கை நிண்டனானெல்லோ. ஒருநாளும் முட்டு வரேல்லை. அங்கத்தைக் காத்து எனக்குச் சரிவருது."

"அப்ப நான்?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "குவாட்டர்ஸ் சின்ன அறை அக்கா. நீங்கள் இந்தக் காணியை விட்டிட்டு எப்பிடி வருவியள்? இன்னும் கையெழுத்து வைக்கேல்லை. இந்த மார்கழி எப்பிடிப் போகுதெண்டு பாப்பம்."

அவள் கலியாணம் செய்யவில்லை. கேட்டு வந்தபோது தம்பி சின்னவன். தம்பி பெரியவனானபோது கேட்டுவர ஆளில்லை. அவனுக்கும் பேசிப் பார்த்தார்கள், சின்ன வயதில் முட்டுக்காரன் என்று தெரிந்ததும் பெண் வீட்டார் சாதகத்தில் பிழை கண்டுபிடித்தார்கள். மிஞ்சியது இவர்கள் இரண்டு பேரும்தான். அவனும் போய்விட்டால் அந்த வீட்டில் யாருக்காகச் சமைப்பது, யாரோடு சண்டை பிடிப்பது? நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த மார்கழியில் அவனுக்கு முட்டு வரக்கூடாது, வந்தால் தம்பி கையை விட்டுப் போய்விடுவான். இதுதான் அவளுக்கு விளங்கியது.

ஆகவே மருந்தைக் கூட்டினாள். காலையில் மட்டும் காய்ச்சின குடிநீரைப் பின்னேரமும் காய்ச்சினாள். ஆவி பிடிக்க நொச்சியோடு ஆமணக்கிலையும் யூக்கலிப்டஸும் சேர்த்தாள். அடுப்பு விடியமுன் பற்றினால் காலைமட்டும் எரியும், பின்னேரம் பற்றினால் படுக்கும்மட்டும் எரியும். குகதாசன் இருமினான். அவள் இன்னும் ஒரு கட்டை வைத்தாள். அவன் இழுத்தான். அவள் திப்பிலியைக் கூட்டினாள். பொழுதுபட அவன் கட்டிலில் குனிந்திருந்து பம்பை வாயில் வைத்து உறிஞ்சுவதைப் பார்க்கும்போது, அந்தக் கடவுளின் கழுத்தைப் பிடித்து நாலு கேள்வி கேட்கவேண்டும்போல இருக்கும். இவ்வளவு செய்தும் இப்படியென்றால் மனுசி என்னதான் செய்வது? அவளுக்குக் களைத்துப்போய்விட்டது. அடுப்பைக் கண்டாலே வெறுப்பு வந்தது. அந்த வெறுப்போடுதான் மறுநாளும் எழும்பினாள்.

மார்கழி நடுவில் உடுப்பிட்டியில் சின்னம்மா செத்துப்போனார். சின்னம்மாவின் மகள் சுபாஜினி தனிய நின்றாள், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுமட்டும் நின்றுதான் ஆகவேண்டும். பராசக்தி போகும்போது இடித்த சரக்கைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைத்து, சட்டியில் எதுவரை தண்ணீர் என்று கரிக்கட்டியால் கோடும் போட்டுக் காட்டிவிட்டுப் போனாள். செத்த வீட்டில் நின்றும் அவளுக்கு நினைப்பெல்லாம் இங்கேதான். போன் எடுப்பாள்.

"குடிநீர் காய்ச்சினியோ?"

"ஓம் அக்கா."

"வத்தக் காய்ச்சினியோ, இல்லாட்டி அவசரத்திலை இறக்கினியோ?"

"வத்தத்தான்."

திரும்பி வந்தபோது வீட்டில் அவன் இல்லை, கந்தோருக்குப் போயிருந்தான். குசினிக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அடுப்புச் சாம்பலில் பூனை சுருண்டு படுத்திருந்தது. மண்சட்டி காய்ந்துபோய்க் கிடந்தது. பொட்டலங்கள் கட்டினது கட்டினபடி. மேசையில் கடைப் பாண் துண்டு, வாழைப்பழத் தோல், தயிர்ச் சட்டி. தயிர்! மார்கழியில் தயிர்!

அவன் வந்ததும் கிழித்துத் தொங்கவிட்டாள். "பொய்காரா, பொய்காரா! செத்த வீட்டிலை நிண்டு நான் உனக்காக ஏங்க, நீ இஞ்சை பாணும் தயிரும் திண்டிருக்கிறாய். உனக்கு உன்ரை உயிர் பாரமோ?"

குகதாசன் சைக்கிளைச் சாத்தினான். படியேறி வந்தான். அப்போதுதான் அவள் கவனித்தாள். சைக்கிள் ஓடி வந்தவன், படியேறி வந்தவன், இருமவில்லை. முகம் தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பும் குறைந்திருந்தது.

"சுகமாத்தான் இருக்கிறன் அக்கா. நீங்கள் முந்தித் தந்த குடிநீர் இப்பத்தான் வேலை செய்யுதுபோலை" என்றான்.

இதைக் கேட்டுப் பராசக்திக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மருந்து பிடித்துவிட்டது, இனி விடக்கூடாது. வந்த களைப்பையும் பார்க்காமல் பூனையைத் துரத்தினாள், சாம்பலை அள்ளினாள், விறகை அடுக்கினாள். ஒரு கிழமையாக மழை நனைத்த விறகு. மண்ணெண்ணெய் விட்டு ஊதி ஊதித்தான் பற்றிக்கொண்டது. குசினி முழுக்க வெள்ளையாகப் புகை எழும்பியது. வாடைக்கு யன்னலைச் சாத்தினாள்.

குடிநீர் பாதிகூட வற்றவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அந்தப் பூனைக்குட்டிச் சத்தம். பராசக்தி ஊதுகுழலோடு எழுந்து ஓடினாள். ஒரு கிழமையாக நன்றாக இருந்த தம்பி, இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி, தோளை உயர்த்தி இழுத்துக்கொண்டிருந்தான்.

முதுகைத் தடவிக்கொண்டே மேலே பார்த்தாள். சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருந்த அந்தக் கையகல இடைவெளியால் புகை ஆறாக வழிந்து வந்துகொண்டிருந்தது. குசினிப் பக்கம் கரி பிடித்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தை அவள் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. படுக்கையை மட்டும் உதறுகிறவள் ஏன் மேலே பார்க்கப்போகிறாள்? சுவரின் மேற்பாதி, அவன் தலைமாட்டுக்கு நேரே, கறுத்துப் படையாகக் கிடந்தது. கதிரையைப் போட்டு ஏறி விரலால் தொட்டுப் பார்த்தாள். விரல் கறுப்பாக வந்தது.

இவ்வளவு காலமும் மருந்தைக் காய்ச்சி அந்த நோயையும் அவளேதான் காய்ச்சியிருக்கிறாள். கோடையில் ஏன் வருவதில்லை? கோடையில் குடிநீர் இல்லை, அடுப்பும் இல்லை. வவுனியாவில் ஏன் வரவில்லை? உடுப்பிட்டிக்கு அவள் போனபோது ஏன் வரவில்லை? காற்றும் இல்லை, கடலும் இல்லை, சீமெந்துத் தூசியும் இல்லை. தம்பியின் மூச்சை முட்டவைத்தது தமக்கை. கதிரையிலிருந்து இறங்கினாள்.

பிறகு போய் அடுப்பில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினாள். யன்னல், கதவு எல்லாவற்றையும் அகலத் திறந்தாள். வாடை உள்ளே வந்து புகையை அள்ளிக்கொண்டு போனது.

மறுநாள் அவள் குடிநீரைக் காஸ் அடுப்பில் ஏற்றினாள். பக்கத்தில் நின்று ஊதவேண்டியிருக்கவில்லை. அது தன்பாட்டில் வற்றியது. குணம் போனதோ இருந்ததோ, வாசம் அதே வாசம்தான். கோப்பையைக் கொண்டுபோய்த் தம்பியிடம் கொடுத்துவிட்டு எதிரே இருந்தாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், ஆனால் வாய் திறக்கவே அழுகை வந்துவிட்டது.

"தம்பி, உனக்கு முட்டு வாறது என்ரை அடுப்பாலைதானடா. நேற்றுத்தான் கண்டனான். உன்னைச் சாக்கொல்லப் பாத்தது நான்தான்."

குகதாசன் குடிநீரைக் குடித்து முடித்தான். கோப்பையை நிலத்தில் வைத்தான். "தெரியும் அக்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"புகையெண்டு தெரியும். வவுனியாவிலையிருந்து வந்த அண்டைக்கே தெரியும். நீங்கள் அடுப்பு மூட்ட எனக்குத் தொடங்கினது."

"மூண்டு வருசமாவோ?" அவள் குரல் எழும்பியது. "மூண்டு வருசமாத் தெரிஞ்சும் வாயைத் திறக்கேல்லையோ நீ?"

"எப்பிடிச் சொல்லுறது? விடியமுதல் எழும்பி, கண்ணெரிய எரிய எனக்காக ஊதிறியள். உங்களாலைதான் எனக்கு வருத்தம் எண்டு உங்கடை முகத்தைப் பாத்து எப்பிடிச் சொல்லுறது அக்கா? நீங்கள் உடைஞ்சுபோவியள். அதைச் சொல்லுறதிலும் பாக்க வவுனியாவுக்குப் போறது சுகம்."

பராசக்திக்கு வந்த கோபத்தில் அழுகை நின்றுபோனது. "விசரா! எனக்கென்ன அந்த அடுப்பிலை ஆசையோ? எவ்வளவு வெறுப்போடை எழும்பிறனான் தெரியுமோ? இடுப்பு விட்டுப்போகுது, கண் ரெண்டும் மங்கிப்போச்சு. உனக்கு வேணுமெண்டுதானே ஊதினனான். வேண்டாமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அண்டைக்கே அடுப்பை இடிச்சுப் பூமரம் வைச்சிருப்பன். நான் நோகக்கூடாதெண்டு நீ மூச்சு முட்டிச் செத்திருந்தா, அதுக்குப் பிறகு நான் ஆரைப் பாத்து நோகிறது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பராசக்தி மூக்கைச் சிந்தினாள்.

"வேறை என்னத்தை மறைச்சு வைச்சிருக்கிறாய்? இப்பவே சொல்லிப்போடு."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அந்த மொசுமொசுக்கை ரொட்டி எனக்குப் பிடிக்காது."

"எனக்கும் அதைத் தட்டப் பிடிக்காது" என்றாள் பராசக்தி. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. களைத்த சிரிப்பு. நல்லாக இருந்தது. அந்த வீட்டில் அப்படி ஒன்றாகச் சிரித்து எத்தனையோ காலம்.

சிரித்து முடித்து அவள் கண்ணைத் துடைத்தாள். "சரி. இனிப் புகையும் இல்லை, முட்டும் இல்லை. நாளைக்குக் கந்தோருக்குப் போனவுடனை அந்த மாத்தத்தை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வா."

குகதாசனின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. "கையெழுத்து வைச்சாச்சு அக்கா."

"எப்ப?"

"நீங்கள் உடுப்பிட்டியிலை நிக்கேக்கை. அந்தக் கிழமை நல்லா மூச்சுவிட்டன். புகைதான் எண்டது எனக்கு உறுதியாப் போச்சு. நீங்கள் திரும்பி வந்து அடுப்பை மூட்டினா, என்னாலை மறிக்கவும் ஏலாது, தாங்கவும் ஏலாது எண்டு தெரியும். அதாலை வைச்சிட்டன்."

"போய் நிப்பாட்டு. அழிச்சு எழுதச் சொல்லு."

"ஏலாதக்கா. என்ரை கையெழுத்து ஒண்டுதான் குறையாக் கிடந்தது, ஓடர் உடனை வந்திட்டுது. ஜெயசுதன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு இஞ்சை வந்திட்டார். பிள்ளையளையும் பள்ளிக்கூடத்திலை சேர்த்திட்டார். நான் பொங்கல் முடியப் போகவேணும். ரெண்டு வருசத்துக்கு அசைய விடமாட்டினம்."

பராசக்தி எழுந்து கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினாள்.

மார்கழி முடிந்து தை பிறந்தது. அந்த முறை பனியும் கடுமை, வாடையும் கடுமை என்று ஊரில் கதைத்தார்கள். பராசக்தி வழமைபோல விடியமுதலே விழித்துவிடுவாள். எழும்பி ஊத அடுப்பு இல்லை. ஆகவே பாயில் கிடந்தபடி, சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பொங்கல் முடிந்து அவன் வவுனியாவுக்கு பஸ் ஏறும்மட்டும் அவனுக்கு ஒருநாள்கூட முட்டு வரவில்லை.